போர் பண்ணும் முன்: சிலிண்டர் சுவரில் எவ்வளவு இரும்பு மிச்சம்?

எஞ்சின் பிளாக்கின் சிலிண்டர் சுவருக்கு இரண்டு முகங்கள் உண்டு. உள்முகத்தில் பிஸ்டன் ரிங்குகள் உரசி ஓடுகின்றன. வெளிமுகத்தை ரேடியேட்டர் தண்ணீர் நனைத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வார்ப்பிரும்பின் கனம் பல எஞ்சின்களில் 4 முதல் 6 மில்லிமீட்டர்தான். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அடுத்த சைஸ் பிஸ்டன் போடுவதை ரீபோர் என்கிறார்கள். ஒவ்வொரு ரீபோரும் இந்தக் கனத்திலிருந்துதான் எடுக்கிறது. எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் பிளாக்கை மெஷினில் ஏற்றும் முன் சுவரைச் சோதிப்பதுதான் முழு வேலையின் முதல் படி. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பெரும்பாலும் தவறவிடப்படும் படியும் இதுதான்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் இந்தச் சோதனைக்கு வேலை நிறைய உண்டு. கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் பூமி இது. கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்கு அரவைக் காலத்தில் டிராக்டர்கள் டிரெய்லர் நிறையக் கரும்பு இழுக்கின்றன. மேற்கே, கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணையைக் கடந்தால் கல்வராயன் மலை ஏற்றம். சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் சரக்கு ஏற்றிப் போகும் வண்டி முழு பாரத்துடன் சின்ன கியரில் மெதுவாக ஏறுகிறது. எஞ்சின் முழு வேகத்தில் சுற்றினாலும் வண்டி நகரும் வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்கு எதிர்காற்று கிடைப்பதில்லை. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இத்தகைய ஏற்றங்களில் சூடேறிய எஞ்சினின் சிலிண்டர் சுவரில் அந்தச் சூட்டின் தடயம் நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறது.

ரீபோர் தேவையா என்பதையே முதலில் உறுதி செய்ய வேண்டும். நீலப்புகை, ஆயில் குறைதல், பிரீதர் வழியாகப் பேக் கம்ப்ரஷன் அடித்தல், காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தல் ஆகியவை தேய்ந்த சிலிண்டரின் வழக்கமான அறிகுறிகள். ஆனால் ஒட்டிக்கொண்ட ரிங்கும், தேய்ந்த வால்வு கைடும் இதே புகையைக் கிளப்பும். பெட்ரோல் எஞ்சினில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து, சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் குறை எங்கே என்று தெரிந்துவிடும். ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் கசிவு ரிங்கிலோ சுவரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் பிளாக்கை இறக்கி, நல்ல சிலிண்டரைக் கடைந்துவிட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

பிளாக் இறங்கியபின் முதலில் கண்ணால் பார்ப்பது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். செங்குத்தான கீறல் இருந்தால் உடைந்த ரிங்கோ, ஏர் ஃபில்டரைத் தாண்டி வந்த மண்ணோ காரணம். புழுதி வயலில் ஏர் கிளீனரைக் கவனிக்காமல் ஓட்டிய டிராக்டரில் இதுவே அதிகம் தெரியும். ஒரு பக்கம் மட்டும் இரும்பு தீற்றியதுபோல் பளபளத்தால் அது சூடேறி பிஸ்டன் பிடித்த இடம். ரொம்ப நாள் நின்ற எஞ்சினில் துருக்குழிகள் இருக்கும். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தால் தேய்த்தால் ஒரு படி தட்டுப்படும். மேல் ரிங் ஏறி நின்று திரும்பும் இடம் அது. தேய்மானம் அங்கேதான் உச்சம். அந்தப் படிக்கு மேலே ரிங் படாததால் சுவர் பழைய அளவிலேயே இருக்கும்.

அடுத்தது போர் கேஜ். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில், கிராங்க் ஷாஃப்ட்டின் நீளவாக்கிலும் அதற்குக் குறுக்காகவும் அளக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். நீளவாக்குக்கும் குறுக்குவாக்குக்கும் உள்ள வித்தியாசம் ஓவல். இவற்றுக்கான எல்லை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கம்பெனி மேனுவல்தான் அளவுகோல். இங்கே பேசப்படுவது நூறில் சில பங்கு மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனத்தளவு தேய்ந்தாலே பல எஞ்சின்கள் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிடும்.

குறுக்குவாக்கில் தேய்மானம் கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. வெடிப்பு நடக்கும்போது கனெக்டிங் ராட் நேராக நிற்பதில்லை. சாய்ந்த நிலையில் இருக்கிறது. கீழ்நோக்கித் தள்ளப்படும் பிஸ்டன் அந்தச் சாய்வால் ஒரு பக்கச் சுவரின் மீது சாய்ந்து அழுத்துகிறது. எஞ்சினை முன்பக்கமிருந்து பார்க்கையில் கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றினால் அழுத்தம் வாங்குவது இடப்பக்கச் சுவர். 90 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் மீது 100 பார் அழுத்தம் விழுந்தால் கீழ்நோக்கிய விசை ஏறத்தாழ 6,500 கிலோ எடைக்குச் சமம். டீசல் எஞ்சினில் 100 பார் அபூர்வமான எண் அல்ல. அந்த விசையில் ஒரு பங்கு ஒவ்வொரு வெடிப்பிலும் அந்தச் சுவரை இடிக்கிறது. எனவே சுவர்க் கனத்தைப் பற்றிப் பேசும்போது எந்தப் பக்கச் சுவர் என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும்.

பிளாக் வார்க்கப்படும் முறையைத் தெரிந்துகொண்டால் இதன் முக்கியத்துவம் இன்னும் புரியும். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய ஜாக்கெட் என்னும் வெற்றிடத்தை மணலால் செய்த கோர் என்னும் உள்ளச்சு உருவாக்குகிறது. உருகிய இரும்பை ஊற்றும்போது அந்த மணல் அச்சு ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போதும், சிலிண்டரின் ஒரு பக்கச் சுவர் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் வார்ப்பாகிவிடும். பிறகு கம்பெனியில் துளையை மிகச் சரியாகக் கடைந்துவிடுவதால் உள்ளே இருந்து பார்க்கையில் எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். ஒரே மாடல், ஒரே வருடம், அடுத்தடுத்து வார்த்த இரண்டு பிளாக்குகளில் ஒன்று தாராளமாகக் கடையத் தாங்கும். மற்றொன்று ஒரு சைஸுக்கே தவிக்கும். ‘இந்த எஞ்சினில் போன தடவை ஒன்று பண்ணினோம், தாங்கியது’ என்ற அனுபவம் இந்த இடத்தில் கைகொடுக்காது.

மெலிந்த பக்கத்தைக் கண்டுபிடிக்கும் பழைய வழி ஒன்று இருக்கிறது. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள கோர் பிளக்கைத் தட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் டிரில் பிட்டின் தண்டை நுழைத்துப் பார்ப்பார்கள். எந்தத் தண்டு இறுக்கமாக நுழைகிறதோ அதன் விட்டமே இடைவெளி. அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையத் தூரம் 105 மி.மீ., துளை 90 மி.மீ., இடைவெளி 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மீதி 10 மி.மீ. இரண்டு சுவர்களுக்கும் பங்கு. சராசரி 5 மி.மீ. அமெரிக்காவில் பழைய ஃபோர்டு பிளாக் வாங்குபவர்கள் இன்றும் இப்படிப் பார்க்கிறார்கள். செலவில்லாத முறைதான். ஆனால் இது காட்டுவது கிராங்க்கின் நீளவாக்கில் உள்ள சுவரின் சராசரியை மட்டும். பிஸ்டன் இடிக்கும் குறுக்குப் பக்கத்தைப் பற்றி இதிலிருந்து எதுவும் தெரியாது.

அதைச் சொல்லும் கருவி அல்ட்ராசோனிக் கேஜ். சுவரின் உட்புறத்தில் ஜெல் தடவி, சிறிய புரோபை அழுத்தினால், அது அனுப்பும் ஒலி இரும்பைக் கடந்து தண்ணீர் ஜாக்கெட் பக்கத்து விளிம்பில் மோதித் திரும்பி வரும். போய் வந்த நேரத்திலிருந்து கனம் கணக்காகிறது. இது கள்ளக்குறிச்சிக்கு அந்நியமான கருவி அல்ல. பாய்லர் குழாய்கள் எவ்வளவு மெலிந்திருக்கின்றன என்று பார்க்கச் சர்க்கரை ஆலைகளில் பயன்படுவதும் இதே வகைக் கருவிதான். பாய்லர் தொழில் வேரூன்றிய திருச்சியிலும், சென்னையிலும் இந்த வேலையைச் செய்யும் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன.

கருவி கையில் இருந்தால் மட்டும் போதாது. ஒலி, ஸ்டீலில் நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் வேகத்தில் போகிறது. சாம்பல் நிற வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில்கள் விரவிக் கிடப்பதால் வேகம் அதைவிடக் குறைவு; 4,600 மீட்டரை ஒட்டி, வார்ப்புக்கு வார்ப்பு மாறும். ஸ்டீலுக்கு அமைத்த கேஜை அப்படியே பிளாக்கில் வைத்தால் 5 மி.மீ. என்று காட்டும் சுவர் நிஜத்தில் 4 மி.மீ.கூட இருக்காது. கடைய அனுமதிக்கும் தவறு இது. இருப்பதிலேயே ஆபத்தானதும் இதுதான். எனவே அதே பிளாக்கில், காலிபர் எட்டும் ஏதாவது ஓர் இடத்தின் கனத்தை நேரடியாக அளந்து, கேஜ் அதே எண்ணைக் காட்டும்படி சரிசெய்த பிறகே சிலிண்டருக்குள் போக வேண்டும். சுவர் வளைந்த பரப்பு என்பதால் புரோப் அகலமாக இருந்தால் நடுவில் மட்டும் தொட்டு, ஓரங்களில் இடைவெளி விழும். சிறிய புரோபே ஏற்றது. ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு திசை, மூன்று மட்டம் என 12 இடங்களில் அளப்பது நல்ல பழக்கம். மூன்று சிலிண்டர் டிராக்டருக்கு 36 எண்கள். நோட்டில் சிலிண்டர் வாரியாக வட்டம் போட்டு எழுதினால் மணல் அச்சு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று படமாகவே தெரியும்.

பழைய பிளாக்கில் இன்னொரு பகையும் உண்டு. போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டும் பழக்கம் வயல்காட்டில் சாதாரணம். தண்ணீரில் உப்பு இருந்தால் ஜாக்கெட்டுக்குள் பாசிபோல் சுண்ணாம்பு படிகிறது, அடியில் துரு தின்கிறது. சுண்ணாம்புப் படிவம் சூட்டை வெளியே விடாது. துருவோ சுவரின் பின்பக்கத்தைக் குழிகுழியாக அரிக்கிறது. உள்ளே கண்ணாடிபோல் இருக்கும் சிலிண்டர் பின்னால் பொத்தலாகும் நிலையில் இருக்கலாம். படிவத்தை நீக்கிய பிறகு அளந்தால்தான் எண்ணை நம்பலாம். சின்னக் குழிகள் கேஜுக்குத் தப்பிவிடும் என்பதால் அழுத்தச் சோதனையும் வேண்டும். தண்ணீர் வழிகளை ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, உள்ளே 3 அல்லது 4 பார் காற்று ஏற்றி, பிளாக்கை வெந்நீரில் முக்கினால் கசியும் இடத்தில் குமிழி வரும். விரிசலைப் பார்க்கப் பட்டறைகளில் சாயத் திரவமும் உண்டு; அது இல்லாத இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்புப் பொடி தூவும் பழைய முறை இன்றும் பலன் தருகிறது. விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் வெள்ளைப் பொடியில் கோடாக ஊறித் தெரியும்.

எண்கள் கைக்கு வந்தபின் கணக்கு எளிது. 1 மி.மீ. ஓவர்சைஸ் என்றால் ஒவ்வொரு பக்கச் சுவரிலும் குறைவது அரை மி.மீ. ஆனால் மெஷினை மையப்படுத்துவதில் தவறினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். தேய்ந்து ஓவலான மேல்பகுதியை வைத்து மையம் பிடித்தால் கட்டர் ஏற்கெனவே தேய்ந்த பக்கமே, அதாவது பிஸ்டன் இடிக்கும் பக்கமே, கூடுதலாகச் சாயும். ரிங் எட்டாத அடிப்பகுதியில் மையம் பிடிப்பதுதான் முறை. ரேஸ் எஞ்சின் கட்டுபவர்கள் அளவுப் படத்தைப் பார்த்து, தடித்த பக்கம் நோக்கி மிகச் சிறிதளவு மையத்தை நகர்த்திக் கடைவதும் உண்டு. அதற்கு நல்ல மெஷினும் நிதானமும் வேண்டும்.

எவ்வளவு கனம் மிஞ்சினால் போதும் என்பதற்கு எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. நேர்கோட்டுக் குறுந்தூரப் பந்தயமான டிராக் (drag) ரேஸின் மரபு வலுவாக உள்ள அமெரிக்காவில், பெரிய வி-8 வார்ப்பிரும்பு பிளாக்குகளுக்குப் பிஸ்டன் இடிக்கும் பக்கத்தில் 5 மி.மீ., மற்றப் பக்கங்களில் 3 மி.மீ. என்பது பல எஞ்சின் கட்டுநர்கள் சொல்லும் ஒரு பொதுவான குறி. அதற்குக் கீழே போனால் சுவர் உடனே உடையும் என்று பொருளில்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் சுவர் வெளிப்பக்கம் நெளியும். ரிங் அந்த நெளிவைப் பின்தொடர முடியாமல் அழுத்தத்தைக் கசியவிடும். குதிரைசக்திக்காகக் கடைந்த துளையே குதிரைசக்தியைத் தின்னும். நெளிந்து நெளிந்து கடைசியில் விரிசல் விழுந்தால் தண்ணீர் உள்ளே வரும்.

கால் மைல், அதாவது 402 மீட்டர், டிராக் ரேஸின் பாரம்பரியத் தூரம். சில நொடிகளில் ஓட்டம் முடிந்துவிடும். இந்தக் குறுகிய ஆயுளுக்காக அங்கே சில சலுகைகள் எடுத்துக்கொள்கிறார்கள். மெல்லிய சுவரைத் தாங்க ஜாக்கெட்டுக்குள் சிமெண்ட் போன்ற கலவையை ஊற்றி நிரப்பிவிடுவது அவற்றில் ஒன்று. உச்ச வகுப்பான டாப் ஃபியூவலில் வார்ப்பு பிளாக்கே இல்லை. அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பிளாக்கில் இரும்பு ஸ்லீவ் செருகி, அடிபட்ட ஸ்லீவை ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றுகிறார்கள். அந்த வகுப்பு 2008 முதல் 1,000 அடி தூரம்தான் ஓடுகிறது. கரும்பு இழுக்கும் டிராக்டருக்கு இந்தத் தந்திரம் எதுவும் ஆகாது. நாள் முழுக்க ஓடும் அதற்கு ஜாக்கெட்டில் தண்ணீர் வேண்டும். அடுத்த ரீபோருக்கும் சுவரில் இரும்பு மிச்சம் வேண்டும். ஆகவே டிராக்டரில் சுத்தமாகும் அளவுக்கு மட்டும் கடைந்து, கிடைக்கும் முதல் ஓவர்சைஸோடு நிறுத்துவதே சரி.

சுவர் போதாது என்று தெரிந்தால் ஸ்லீவ் போட வழி இருக்கிறது. டிரை ஸ்லீவ் என்பது பழைய துளைக்குள் இறுக்கமாகச் செருகும் மெல்லிய இரும்புக் குழாய். தண்ணீர் அதைத் தொடாது. அதன் முதுகு பிளாக்கோடு முழுக்க ஒட்டி நின்றால்தான் சூடு இறங்கும். வெட் லைனர் வேறு வகை. அதைத் தண்ணீர் நேராகத் தொடும், தேய்ந்தால் கழற்றி மாற்றலாம் என்பதால் கடையும் கேள்வியே பெரும்பாலும் எழாது. கழற்றிய லைனரின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்க்கத் தவறக் கூடாது. பிஸ்டன் இடிக்கும் பக்கத்தில் ஊசி குத்தியதுபோல் வரிசையாகக் குழிகள் இருந்தால், லைனர் அதிர்வதால் தண்ணீரில் குமிழிகள் உருவாகி உடைந்து இரும்பைப் பெயர்த்திருக்கின்றன என்று பொருள். சரியான கூலண்ட் ஊற்றினால் அது மட்டுப்படும்.

பைக்குகளில் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் டிராக் ஆர்வம் பெரும்பாலும் இரண்டு சக்கரத்தில்தான். யமஹா ஆர்எக்ஸ் 100 இன்றும் அந்த ஆர்வத்தின் செல்ல வண்டி; அலுமினிய பிளாக்குக்குள் இரும்பு ஸ்லீவ், துளை 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ., 98 சிசி. முழுதாக 1 மி.மீ. கடைந்தாலும் 102 சிசிதான் வருகிறது. 70-க்கு 90 அளவுள்ள பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-இல் அதே ஒரு மி.மீ. தருவது 10 சிசி. இவ்வளவுக்காகச் சுவரைப் பணயம் வைப்பது நல்ல வியாபாரம் அல்ல. ரீபோரின் நிஜமான லாபம் வட்டமான, நேரான, ரிங் நன்றாக அடைக்கும் சிலிண்டர் கிடைப்பதே. சிசி வரம்புள்ள வகுப்பில் ஓடும் வண்டி, ஓர் ஓவர்சைஸ் கூடியதால் வரம்பைத் தாண்டி வெளியேறவும் நேரலாம். டூ-ஸ்ட்ரோக் சுவரில் போர்ட் ஓட்டைகள் இருப்பதால், கடைந்தபின் அவற்றின் கூர்விளிம்பை மழுக்காவிட்டால் ரிங் மாட்டி உடையும்.

புதிய பைக்குகளில் இன்னும் ஒரு எச்சரிக்கை தேவை. யமஹா ஆர்15-இன் சிலிண்டர் சிலிக்கான் கலந்த அலுமினியம். இரும்பு ஸ்லீவ் கிடையாது. கேடிஎம் டியூக் வகைகளில் அலுமினியத்தின் மேல் நிக்கல்–சிலிக்கான் கார்பைடு பூச்சு. இவற்றைச் சாதாரண ரீபோர் செய்தால் பரப்பே போய்விடும். தேய்ந்தால் பிளாக்கை மாற்றுவதுதான் வழக்கம்.

ரீபோர் செய்த பைக்கின் வேகத்தை ஓட்டிப் பார்க்கும் இடம் பந்தயத் தடமாக இருக்க வேண்டும். சென்னை அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் 1950களில் வேரூன்றிய பந்தய மரபு, 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் தொடர்கிறது. டிராக் பந்தயங்களும் அங்கே நடந்திருக்கின்றன. உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையின் நேர்த்தடம் அதற்கு மாற்று ஆகாது. அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. கரும்பு டிரெய்லரும் பள்ளிக்கூடச் சைக்கிளும் குறுக்கிடும் சாலை அது.

பிளாக்கைப் பட்டறையில் விடும் டிராக்டர்காரரும் பைக் வைத்திருக்கும் இளைஞரும் கேட்டு வாங்க வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு: கடையும் முன் ஒவ்வொரு சிலிண்டரின் கனம், கடைந்தபின் துளை அளவு, போட்ட பிஸ்டனின் சைஸ். அந்தச் சீட்டை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பிளாக் இறங்கும்போது, இன்னொரு சைஸ் தாங்குமா, ஸ்லீவுக்குப் போக வேண்டுமா என்பதை மெக்கானிக் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.